மம்மட்டிப் பட்டறையும் போர்க்கத்தியும்

திருப்பூரில் யாரிடம் கேட்டாலும் சிங்கர் என்றால் தையல் மெஷின் என்பார்கள். அந்த சிங்கர் கம்பெனி, ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் நகரில் இருந்த தன் பெரிய தொழிற்சாலையில், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவத்துக்கு பயோனெட் செய்து கொடுத்தது. லீ என்ஃபீல்டு 4-ம் எண் துப்பாக்கியின் முனையில் மாட்டுகிற, 8 அங்குல நீளத்தில் ஆணி மாதிரி இருக்கும் பயோனெட் அது. அதையே அக்ரிங்டன் ஊரின் ஹோவர்டு அண்ட் புல்லோவும், கீத்லி ஊரின் பிரின்ஸ் ஸ்மித் அண்ட் ஸ்டெல்ஸும் செய்தன. இரண்டுமே நூற்பாலை இயந்திரம் செய்து பேர் வாங்கிய கம்பெனிகள். மில்லில் தலை நரைத்த கோவைப் பெரியவர்கள் சிலருக்கு இந்தப் பெயர்கள் பழக்கமாகவே இருக்கும்.

நான் கோவையில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் வேலை பார்க்கிறேன். கியர், ஷாஃப்ட், அச்சு என்று நாள் முழுக்க இரும்பைக் காய்ச்சி எண்ணெயில் இறக்குவதுதான் தொழில். கத்தி மேல் எனக்கு வந்த ஆசையும் இந்த வழியில் வந்ததுதான். ராணுவக் கத்தி என்று யூடியூபில் தேடினால் எந்தக் கத்தி எத்தனை பேரைக் கொன்றது, எது பயங்கரமானது என்ற பேச்சே வந்து கொட்டுகிறது. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. கத்தியைக் கையில் எடுத்ததும் என் கண் போகிற இடம், பிடிக்குச் சற்று மேலே அலகில் பொறித்திருக்கும் சின்ன முத்திரை. இதைச் செய்தது யார்? போர் வருவதற்கு முந்தின நாள் வரை அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கிடைப்பது ரம்பக்காரன், கரண்டிக்காரன், மம்மட்டிக்காரன் இவர்களுடைய வரலாறு. ஆயுதக் கம்பெனி என்று நாம் நினைக்கிற இடங்கள் அதில் ஒரு சிறு பகுதிதான்.

முதல் உலகப் போரிலிருந்து தொடங்குகிறேன். படைக்குத் தனியாக ஒரு சண்டைக்கத்தி வேண்டும் என்ற எண்ணம் பெரிய அளவில் வந்தது அப்போதுதான். 1914-ல் பிரிட்டிஷ் சிப்பாயிடமும் இந்தியச் சிப்பாயிடமும் துப்பாக்கிக்குத் துணையாக நீள பயோனெட் இருந்தது. 1907-ம் வருட மாதிரியில் அலகு மட்டும் 17 அங்குலம். துப்பாக்கியில் மாட்டினால் மொத்தம் ஐந்தடிக்கு மேல் வரும். வெட்டவெளியில் குதிரைப்படையை எதிர்த்து நிற்க அந்த நீளம் தேவை என்பது பழைய கணக்கு. ஆனால் போர் நடந்ததோ பதுங்குகுழிக்குள். ராத்திரியில் எதிரியின் குழிக்குள் இறங்குகிறவன் அந்தச் சந்தில் ஐந்தடிக் கோலைத் திருப்பக்கூட முடியாது. அதனால் சிப்பாய்களே பயோனெட்டை வெட்டிக் குட்டையாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் முள்கம்பி கட்டுவதற்காக நட்ட இரும்புக் கம்பியை வெட்டி, ஒரு பக்கம் வளைத்துப் பிடியாக்கி, மறு பக்கம் கூர் தீட்டிக்கொண்டார்கள். அதற்குப் 'பிரெஞ்சு ஆணி' என்றே பெயர் விழுந்தது. போர்முனைக்குப் பின்னால் இருந்த கொல்லுப் பட்டறைகளில் பிறந்த கத்திகள் இவை. அரசாங்கத்தின் வரைபடம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அமெரிக்கா 1917-ல் போருக்குள் வந்தபோது, முக்கோண அலகு வைத்த ஒரு பதுங்குகுழிக் கத்திக்கு ஆர்டர் கொடுத்தது. குத்த மட்டுமே ஆகும், எதையும் அறுக்க ஆகாது. ஆர்டர் வாங்கியவர்களைப் பாருங்கள். ஹென்றி டிஸ்டன் அண்ட் சன்ஸ், பிலடெல்பியாவில் ரம்பம் செய்தவர்கள். லேண்டர்ஸ் ஃபிரேரி அண்ட் கிளார்க், கனெக்டிகட்டில் அடுப்படிச் சாமான் செய்தவர்கள். மூன்றாவது ஒனைடா கம்யூனிட்டி. 1848-ல் சொத்தெல்லாம் பொது என்று சேர்ந்து வாழ்ந்த ஒரு சமயக் கூட்டமாகத் தொடங்கி, பின்னால் பங்குக் கம்பெனியாக மாறி, வெள்ளி முலாம் பூசிய கரண்டிக்கும் ஸ்பூனுக்கும் பேர் வாங்கியவர்கள். அந்தக் கூட்டத்தின் பெயரின் முதல் எழுத்துகள் பதுங்குகுழிக் கத்தியின் கைக்காப்பில் பொறிக்கப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும்.

1918-ல் வந்த அடுத்த மாதிரிக்கு மார்க் 1 என்று பெயர். பித்தளை நிறத்தில் வார்த்த பிடி, விரல் நுழைய நான்கு வளையம், மேலே முட்கள், அடியில் கூம்பு மாதிரி ஒரு நட்டு. சினிமாக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த உருவம். கையில் மாட்டினால் அந்தக் கையால் வேறு எதுவும் செய்ய முடியாது என்பதுதான் அதன் குறை. கயிறு அறுக்கவோ, டின் திறக்கவோ, குச்சி சீவவோ விரலைப் பிடி விடாது. வேலை தெரிந்த ஒரு கொல்லனிடம் முதலில் கேட்டிருந்தால் இந்தப் பிடி வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இரண்டாம் உலகப் போருக்கு வந்தால் பெரிய கதை ஃபேர்பேர்ன் சைக்ஸ். வில்லியம் ஃபேர்பேர்ன், எரிக் சைக்ஸ் இருவரும் ஷாங்காய் நகரப் போலீஸில் இருந்தவர்கள். கத்திக்குத்து தினசரிச் செய்தியாக இருந்த துறைமுக நகரம் அது. 1940-ல் பிரிட்டன் திரும்பி கமாண்டோப் படைக்குக் கைச்சண்டை கற்றுக்கொடுக்க வந்தவர்கள், அந்த வருட நவம்பரில் லண்டனில் வில்கின்சன் ஸ்வார்டு கம்பெனியில் போய் உட்கார்ந்து, தங்களுக்கு எப்படிப்பட்ட கத்தி வேண்டும் என்று சொன்னார்கள். 1941-ன் தொடக்கத்தில் கத்தி வந்துவிட்டது. 1772-ல் ஹென்றி நாக் என்ற துப்பாக்கிக்காரர் தொடங்கி, வாளுக்குப் போய், ரேசருக்கும் வந்த கம்பெனி வில்கின்சன். ரேசர் அலகை மட்டும் அறிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்த முன்கதை தெரிய வழியில்லை.

இரண்டு பக்கமும் கூர், நடுவில் முதுகுத்தண்டு மாதிரி ஒரு மேடு, போகப் போக ஊசியாகும் முனை. முதல் மாதிரியில் கைக்காப்பு எஸ் எழுத்து மாதிரி வளைந்திருக்கும், பிடி முழுக்கச் சின்னச் சின்னக் கட்டமாகப் பொளிந்த பித்தளை. 1942-ல் வந்த இரண்டாவது மாதிரியில் அந்த வளைவு நேரானது. 1943-ல் வந்த மூன்றாவதில் பொளிந்த பித்தளை போய், வளையம் வளையமாக வார்த்த பிடி வந்தது. இந்த மாற்றங்களை அழகு குறைந்துபோனது என்று சேகரிப்பவர்கள் சொல்வார்கள். நான் பார்ப்பது வேறு. பிடியைக் கடைசலில் போட்டு ஒவ்வொன்றாகப் பொளிய ஒரு தேர்ந்த ஆள் வேண்டும். அச்சில் ஊற்றி எடுக்க அவ்வளவு தேவையில்லை. போர் முற்ற முற்ற, கைப்பழக்கம் உள்ள ஆளும் பித்தளையும் கிடைக்காமல் போனதை அந்தப் பிடி அப்படியே காட்டுகிறது.

இதே கத்தி அமெரிக்க உளவுப் படைக்கும் போனது. அங்கே செய்தது யார் தெரியுமா? மேலே சொன்ன அதே அடுப்படிக் கம்பெனி, லேண்டர்ஸ். உறைக்கு என்ன செய்வது என்று வந்தபோது, தாங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த தோசைத் திருப்பியின் தகட்டையே உறையின் சட்டமாக மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் ஊரில் அது பேன்கேக் திருப்பி. தட்டையாக, பார்த்த மாத்திரத்தில் சமையலறை ஞாபகம் வருகிற உறை. எதிரியின் எல்லைக்குள் பாராசூட்டில் இறங்கின உளவாளியின் இடுப்பில் அது தொங்கியது.

ஃபேர்பேர்ன் சைக்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் உருகி எழுதுவார்கள். எனக்கும் அதன் அழகு புரிகிறது. ஆனால் இரும்பு வேலை செய்கிறவனாகச் சொல்கிறேன், அது ஒற்றை வேலைக்குப் பிறந்த கத்தி. முனை அவ்வளவு மெல்லியதாகப் போனால், பெட்டி நெம்பினாலும் டின் குத்தினாலும் ஒடியும். அமெரிக்க மரீன் ரெய்டர் படைக்கு அதே பாணியில் காமிலஸ் கம்பெனி சுமார் 14,000 குத்துவாள் செய்து கொடுத்தது. துத்தநாகக் கலவையில் பிடி வார்த்திருந்தார்கள். முனை ஒடிந்தது, காலப்போக்கில் பிடியும் பொரிந்து உதிர்ந்தது. தீவுகளில் சண்டை போட்ட மரீன்களுக்கு நாள் முழுக்க வேண்டியிருந்தது குழி தோண்ட, கொடி வெட்ட, டின் உடைக்க, பெட்டி திறக்க, கூடார முளை அடிக்க ஒரு கருவி. ஆளோடு ஆள் கத்தியால் மோதும் நேரம் அவர்கள் வாழ்வில் மிக அரிது.

அந்தத் தேவையிலிருந்து வந்தது காபார் என்ற கத்தி. மரீன் படையின் கர்னல் ஜான் டேவிஸ், மேஜர் ஹோவர்டு அமெரிக்கா இருவரும் காமிலஸ் கம்பெனியின் தொழில்நுட்ப ஆட்களோடு உட்கார்ந்து வடிவத்தை முடிவு செய்தார்கள். அடிப்படையாக எடுத்துக்கொண்டது வேட்டைக்காரர்கள் கடையில் வாங்குகிற கத்தியை. 1942 நவம்பர் 23-ல் மரீன் படை அதை ஏற்றுக்கொண்டது. 7 அங்குல அலகு, ஒரு பக்கம் மட்டும் கூர், முனைக்குப் பக்கத்தில் முதுகை மட்டும் கொஞ்சம் சரித்து விட்டிருப்பார்கள், 1095 என்ற கார்பன் ஸ்டீல். முதலில் செய்து கொடுத்தது காமிலஸ். பிறகு யூனியன் கட்லரி, ராப்சன், பால் என்று மற்றவர்களும் சேர்ந்தார்கள். யூனியன் கட்லரிதான் தன் வணிகப் பெயரான காபார் என்பதை அலகில் பெரிதாகப் பொறித்தது, அதனால் யார் செய்ததானாலும் சிப்பாய்கள் வாயில் அதே பெயர் நின்றுவிட்டது. கரடியைக் கொன்ற ஒரு வேட்டைக்காரர் எழுதிய கடிதத்தில் எழுத்துகள் தேய்ந்து, மிஞ்சிய எழுத்துகளிலிருந்து பெயர் வந்ததாகக் கம்பெனி கதை சொல்லும். முதலில் செய்து கொடுத்த காமிலஸின் பெயர் யார் நினைவிலும் இல்லாமல் போனது எனக்கு வருத்தம்தான்.

காபாரின் பிடியை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அலகின் பின்னால் குறுகலான ஒரு வால் நீளும். முதலில் இரும்புக் கைக்காப்பைக் கோத்து, அதன் பின்னால் அடிபம்பில் போடும் வாஷர் மாதிரித் தோல் வில்லைகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போவார்கள். பிறகு எல்லாவற்றையும் பிரஸ்ஸில் இறுக்கி, கடைசியில் வட்ட இரும்புக் குமிழை வைத்து வாலோடு பிணைப்பார்கள். இதுவரைக்கும் அது கரடுமுரடான தோல் கட்டைதான். அதன் பின் தேய்த்து நீள்வட்டமாக்கி, விரல் வழுக்காமல் இருக்கக் குறுக்கே பள்ளங்கள் போட்டு, சாயம் ஏற்றினால் பிடி ரெடி. வியர்வை பட்டால் தோல் கையைப் பற்றிக்கொள்ளும், குளிரில் இரும்பு மாதிரிச் சில்லிடாது, கல்லில் இடித்தால் சத்தம் குறைவு. தோல் பதனிடுகிற ஈரோட்டில் யாராவது இந்தப் பிடியைப் பார்த்தால், வெட்டுத் துண்டில் மிச்சமாகும் தோலை வைத்தே இதைச் செய்துவிடலாம் என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

அலகின் நடுவில் ஓடும் பள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தம் வழிய விட்டது என்று சொல்லிச் சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். எடையைக் குறைக்கவும், குறைந்த எடையில் அலகு வளையாமல் நிற்கவும் போட்ட பள்ளம் அது. ரயில் தண்டவாளத்தின் நடுப்பகுதி ஒல்லியாக இருப்பதும் இதே கணக்கில்தான்.

அமெரிக்கத் தரைப்படை 1943-ல் எம்3 என்ற கத்தியைக் கொண்டுவந்தது. இம்பீரியல், காமிலஸ், கேஸ், யூட்டிகா, கின்ஃபோக்ஸ், ஏரியல், பால், போக்கர், ராப்சன் என்று பேனாக்கத்தியும் சமையல் கத்தியும் செய்த கம்பெனிகள் எல்லாம் அதில் இறங்கின. அதே போரில் நீளத் துப்பாக்கிக்குப் பயோனெட் செய்த ஒரு கம்பெனியின் பெயர் அமெரிக்கன் ஃபோர்க் அண்ட் ஹோ. வைக்கோல் வாரும் கவைக்கோலும் களைக்கொட்டும் செய்கிற கம்பெனி என்பதைப் பெயரிலேயே வைத்திருந்தார்கள். இரும்பைக் காய்ச்சி, தட்டி, தோய்த்து, தீட்டி அனுப்புகிற ஒரு பட்டறைக்கு, களைக்கொட்டிலிருந்து பயோனெட்டுக்குப் போவது சில வாரத்து அச்சு மாற்றம். பதம் பார்க்கத் தெரிந்த ஆள் மட்டும் ஏற்கெனவே அங்கே இருக்க வேண்டும். அப்படி ஆள் இல்லாத ஊரில் போர் வந்த பிறகு எவ்வளவு பணத்தைக் கொட்டினாலும் கத்தி வராது. நான் இதை ஒரு கட்டுரையாக எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான்.

சுவிட்சர்லாந்து இதைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. 1889-ம் வருட மாதிரித் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்ட ஒரு திருப்புளி வேண்டும், டின் உணவைத் திறக்க ஒரு கருவி வேண்டும். இரண்டும் சேர்ந்த மடக்குக் கத்தியை ராணுவம் முடிவு செய்தபோது, உள்ளூரில் அவ்வளவு எண்ணிக்கை செய்து தர யாருமில்லை. முதல் ஆர்டர் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து வெஸ்டர் கம்பெனிக்குப் போனது. இபாக் என்ற சிற்றூரில் 1884-ல் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்சனர் மற்ற கத்திக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, 1891-ல் தன் முதல் லோடை ராணுவத்துக்கு அனுப்பினார். விலையில் சோலிங்கனோடு போட்டி போட முடியாமல் கூட வந்தவர்கள் விலகிக்கொண்டார்கள், அவரும் கடனில் மூழ்கும் நிலைக்குப் போனார். ஆனாலும் விடவில்லை. 1909-ல் அம்மா இறந்தபோது அவர் பெயரான விக்டோரியாவையே கம்பெனிக்கு வைத்தார். துருப்பிடிக்காத எஃகு வந்ததும் 1921-ல் அதோடு 'இனாக்ஸ்' சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது. உலகத்தில் அதிகம் பேர் ஆசையோடு பையில் வைத்திருக்கும் ராணுவக் கத்தி, யாரையும் குத்துவதற்காகச் செய்யப்படாத இந்தக் கத்திதான்.

எங்கள் குடும்பத்திலும் ராணுவக் கத்தி ஒன்று இருக்கிறது. என் அப்புச்சியின் அண்ணன் பர்மா போர்முனைக்குப் போய் வந்தவர். பட்டாளத்து அப்புச்சி என்றுதான் அவரைச் சொல்வோம். அவர் கொண்டுவந்தது பிரிட்டிஷ் ராணுவத்தின் மடக்குக் கத்தி. கருப்பு நிறப் பிடி, அதில் சொரசொரப்பாகக் கட்டம் போட்டிருக்கும். முனை மழுங்கின நேர் அலகு ஒன்று, டின் திறக்கும் கொக்கி ஒன்று, முதுகுப் பக்கம் மடங்கிக் கிடக்கும் தடித்த இரும்பு ஊசி ஒன்று, கயிறு கோக்க ஒரு வளையம். அலகின் அடியில் அரசாங்கச் சொத்து என்று காட்டும் அம்புக்குறி தெரிகிறது. செய்தவர் பெயர் இருந்த இடம் சாணை பிடித்துப் பிடித்துத் தேய்ந்துவிட்டது. அந்த ஊசி கப்பல்காரர்களிடமிருந்து ராணுவத்துக்கு வந்த கருவி, கயிற்றின் புரிகளைப் பிரித்து முடிச்சுப் போடுவதற்கானது. எங்கள் தோட்டத்திலும் அதற்கு அதே வேலைதான் கிடைத்தது. கன்றுக்குட்டிக்குத் தும்பு போடும்போது, புரியைப் பிரித்துக் கண்ணி கோக்க, மழையில் நனைந்து இறுகின முடிச்சை நெகிழ்த்த அதைத்தான் எடுப்பார்கள். "அந்தப் பட்டாளத்து ஊசிய எடுத்துட்டு வா கண்ணு" என்று அமுச்சி சொல்வது இப்போதும் காதில் இருக்கிறது. கத்தியோடு வந்த போர்க்கதைகள் ஒன்றுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் சொன்னதில்லை.

இந்திய ராணுவத்தின் கத்தி என்றால் யாரும் முதலில் சொல்வது குக்ரி. 1814-ல் தொடங்கின நேபாளப் போரில் அதைப் பார்த்து மிரண்ட கிழக்கிந்தியக் கம்பெனி, 1815-லிருந்து கூர்க்காக்களைத் தன் படையில் சேர்க்க ஆரம்பித்தது. 1947-ல் பத்து கூர்க்கா ரெஜிமென்ட்டில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் போனபோது குக்ரியும் இரண்டு பக்கமும் போனது. ஆனால் அது ராணுவத்துக்காகப் பிறந்ததில்லை. விறகு பிளக்க, கிடா வெட்ட, காய் நறுக்க நேபாளத்து வீட்டில் இருக்கிற கத்தி. அதை அடிக்கிறவர்கள் காமி என்ற கொல்லர் சாதியினர். இன்றைக்கு அவர்கள் பெரும்பாலும் எடுப்பது பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. அலகைப் பழுக்கக் காய்ச்சி, முழுசாகத் தண்ணீரில் முக்காமல், ஒரு கெண்டியிலிருந்து கூர்ப் பக்கத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவார்கள். ஊற்றின ஓரம் மட்டும் விறைக்கும், முதுகு இளகியே இருக்கும்.

இதை முதன்முதலில் வீடியோவில் பார்த்தபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வெள்ளகோவில் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ஆசாரியார் கொடுவாளுக்கு இதையேதான் செய்கிறார், கெண்டிக்குப் பதில் தொட்டி. லாரிப் பட்டையை வெட்டிரும்பு வைத்துத் துண்டாக்கி, சீமைக்கருவேலங்கரி உலையில் போடுவார். துருத்தி போய் இப்போது மோட்டார் ப்ளோயர். பட்டறைக்கல்லில் வைத்து அவர் சுத்தியலால் இடம் காட்ட, எதிரில் நிற்கும் பையன் சம்மட்டியை அதே இடத்தில் இறக்குவான். வளைவு விழுந்து, முதுகு தடித்து, ஓரம் ஒல்லியானதும் மறுபடி காய்ச்சுவார். வெளியே எடுத்து, கூர்ப் பக்கம் ஒரு விரல் அகலம் மட்டும் தொட்டித் தண்ணீரில் இறக்கி, மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுவார். எடுத்த உடனே ஓரத்தை ஒரு கல்லில் நாலு இழுப்பு. கருப்பு உரிந்து வெள்ளி மாதிரி இரும்பு தெரியும். முதுகில் மிச்சமிருக்கிற சூடு கூரை நோக்கி ஏறும்போது, அந்த வெள்ளியில் நிறம் ஓட ஆரம்பிக்கும்.

"நெறத்தப் பாருங்க தம்பி. வைக்கோல் நெறம் வந்தோனே உட்ரோணும். நீலம் ஏறிப்போச்சுன்னா அப்புறம் முருங்கக்கட்டைய வெட்டக்கூட ஆவாது."

"முழுசா முக்கினா என்னங்க ஆகும்?"

"வெடிச்சுப்போயிருமுங்க. இல்லாட்டி கருவேலங்கட்டைல ஒரு போடு போட்டா ரெண்டாப் போயிரும்."

எங்கள் பட்டறையில் இதையே சூட்டை அளக்கும் பைரோமீட்டர் வைத்து, எண்ணெயில் இறக்கி, டெம்பரிங் உலையில் நேரம் பார்த்துச் செய்கிறோம். கடைசியில் இரும்பின் விறைப்பை அளக்கும் ராக்வெல் மெஷினில் வைத்து எண் பார்ப்போம். காபார் கம்பெனி தன் அலகுக்குச் சொல்கிற ராக்வெல் எண் 56 முதல் 58. ஆசாரியாரிடம் மெஷின் கிடையாது, கண்தான். ஆனால் கூர் விறைப்பாகவும் முதுகு இளகியும் இருக்க வேண்டும் என்ற அறிவு, காபாரைச் செய்தவர்கள் முழு அலகுக்கும் ஒரே பதம் கொடுத்ததைவிட ஒரு படி மேலானது. புளியம்பட்டிச் சந்தையில் தரையில் சாக்கு விரித்துப் போட்டிருக்கும் கொடுவாளில் இந்த வேலை இருக்கிறது என்பது வாங்குகிற பலருக்குத் தெரிவதில்லை. முத்திரையும் இருப்பதில்லை.

இந்த அறிவு இங்கே எவ்வளவு பழையது என்பதற்குச் சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழ்ந்தபோது கல்மணிகளோடு இரும்பு உருக்கின உலைகளும், மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் குடுவையில், எஃகு காய்ச்சின தடயமும் கிடைத்தன. சங்க இலக்கியத்தில் பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகும் சேலம், கோவைப் பக்கத்துக் கிராமங்களில் அந்தத் தொழில் உயிரோடு இருந்தது. 1839-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அதிகாரி அதை விவரித்து எழுதியிருக்கிறார். இரும்புத் துண்டோடு காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிப் போட்டு, மேலே எருக்க இலையை மூடி, களிமண்ணால் மூசையின் வாயை அடைத்து, உலையில் அடுக்கி ஊதுவார்கள். நம் வறக்காட்டில் தானாக முளைத்துக் கிடக்கிற ஆவாரையும் எருக்கும்! இரும்புக்குள் கரி ஏறுவது அந்த மூடின மூசைக்குள்தான். அதில் வந்த எஃகைத்தான் வெள்ளைக்காரர்கள் வூட்ஸ் என்றார்கள். லண்டனில் கத்தியும் அறுவைக் கருவியும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த எஃகின் பெருமையில் மயங்கி, மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து அதன் குணத்தைக் கண்டுபிடிக்க 1820 வாக்கில் சோதனைகள் செய்தார்.

ஹீத்தின் கதை இதோடு முடியவில்லை. சேலத்துத் தாதுவை நம்பி 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர் அவர். அது தேறவில்லை. இங்கிலாந்து திரும்பி, மூசையில் எஃகு காய்ச்சும்போது மாங்கனீஸ் சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும் என்று கண்டு, 1839-ல் காப்புரிமை எடுத்தார். ஷெஃபீல்டு நகரத்துக் கத்திக்காரர்களுக்கு அது பெரிய வரம், எஃகின் விலை இறங்கியது. அதே பொருளை வேறு வகையில் மூசைக்குள் போட்டு அவர் காப்புரிமைக்குப் பணம் கட்டாமல் தப்பித்தார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது, பலனைப் பார்க்காமலே அவர் போய்ச் சேர்ந்தார். பின்னால் வந்த பிரிட்டிஷ் ராணுவக் கத்திகள் எத்தனையோ பிறந்தது அந்த ஷெஃபீல்டில்தான். சேலம் கஞ்சமலையின் இரும்பையும் நம் கொல்லர்களின் மூசையையும் பார்த்துத் தொழில் தெரிந்துகொண்ட ஒருவர் அந்த ஊருக்கு எஃகை மலிவாக்கிக் கொடுத்தார். இங்கே உலைகள் அணைந்துபோயின.

அந்தப் பெரிய பெயர்களுக்கும் பிறகு நல்ல காலம் இல்லை. வில்கின்சன் 2005-ல் வாள் செய்வதை நிறுத்தியது. காமிலஸ் 2007-ல் மூடியது. காபார் மட்டும் அமெரிக்காவின் ஓலியன் ஊரில் இன்றும் கத்தி செய்கிறது. விக்டோரினாக்ஸ் தன் போட்டிக் கம்பெனி வெங்கரை 2005-ல் வாங்கிவிட்டது.

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று அறிவித்த ஐந்து நகரங்களில் கோவையும் சேலமும் இருக்கின்றன. பேச்செல்லாம் ட்ரோன், விமான உதிரிபாகம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் பல லட்சம் பேர் இருக்கிற ராணுவத்துக்குக் கத்தி, மண்வெட்டி, கோடாரி, கம்பி வெட்டி எல்லாமும் வேண்டும். கோவையில் ஃபோர்ஜிங் இருக்கிறது, எங்களை மாதிரி ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, ஈரோட்டில் தோல் இருக்கிறது, கிராமத்தில் கண்ணால் பதம் பார்க்கிற ஆசாரியார்கள் கொஞ்சம் பேர் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த தலைமுறையில் யாரும் உலைக்கு முன்னால் உட்காரத் தயாராக இல்லை. டெண்டரில் இந்த மாதிரிச் சின்னப் பட்டறைகள் கூட்டாகச் சேர்ந்து கலந்துகொள்ள வழி வைக்க வேண்டும், செய்தவர் பெயரை அலகில் பொறிக்கவும் அனுமதிக்க வேண்டும். எல்சனர் தன் ஊர்க் கத்திக்காரர்களைக் கூட்டியதும் இப்படித்தான்.

இதைப் படித்துவிட்டு ஆன்லைனில் கத்தி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. நம் நாட்டு ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ அல்லாத கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் அது ஆயுதக் கணக்கில் வரும். அதற்குள் இருந்தாலும் இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பது வம்பை விலைக்கு வாங்குவது.

வீட்டில் தாத்தா காலத்துப் பட்டாளத்துக் கத்தி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. துருவை எடுக்க கிரைண்டரில் பிடிக்காதீர்கள், உப்புத்தாளும் வேண்டாம். ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவி வையுங்கள். தோல் உறைக்குள் செருகி வைக்க வேண்டாம், உறை ஈரத்தை இழுத்து அலகை அரிக்கும். பிறகு நல்ல வெயிலில் சாய்த்துப் பிடித்து, பிடிக்கும் அலகுக்கும் நடுவில் எழுத்தோ எண்ணோ அம்புக்குறியோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், யார் செய்தது என்று சேர்ந்து கண்டுபிடிப்போம்.